புதிய வன்தட்டைக் கணினியில் பொருத்திப் பகுதிகளாகப் பிரித்தல்: முழுமையான வழிகாட்டி

பேச்சில் ஹார்ட் டிஸ்க் என்று நாம் சொல்லும் வன்தட்டைப் புதிதாக வாங்கி, மேசைக்கணினியின் பெட்டியைத் திறந்து பொருத்திவிட்டு, ஆவலோடு கணினியை இயக்கிப் பார்ப்பவர்களில் பலர் முதல் நிமிடத்திலேயே மனம் சோர்ந்துவிடுகிறார்கள். 'திஸ் பிசி' சாளரத்தில் புதிய டிரைவ் எதுவும் தோன்றாது. கடைக்காரர் பழுதான சரக்கைத் தந்துவிட்டார் என்று எண்ணி, அதை அப்படியே கழற்றித் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் அந்தத் தட்டில் எந்தக் குறையும் இருப்பதில்லை. அது இன்னும் அளக்கப்படாத, எல்லைக் கல் நடப்படாத நிலம், அவ்வளவுதான்.

நிலத்துக்கு முதலில் ஒரு பதிவேடு வேண்டும். பிறகு உட்பிரிவு செய்ய வேண்டும். அதன் பின்புதான் ஒவ்வொரு மனையிலும் வீடு கட்ட முடியும். வன்தட்டிலும் இதே மூன்று வேலைகள் இதே வரிசையில் நடக்கின்றன. பதிவேட்டைத் திறப்பது இனிஷியலைஸ் செய்தல், உட்பிரிவு செய்வது பார்ட்டிஷன் போடுதல், ஒரு பகுதிக்குள் கோப்புகளை அடுக்க ஒழுங்கு அமைப்பது ஃபார்மட் செய்தல். ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு செய்பவருக்குத் தவறு நேர்வது அரிது. புரியாமல் அடுத்தடுத்து 'நெக்ஸ்ட்' பொத்தானை அழுத்துபவர், ஏதோ ஒரு நாள் பழைய தட்டையே அழித்துவிடும் நிலைக்கு வருவார்.

இந்த வழிகாட்டிக்கு ஓர் உறுதியான எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். விண்டோஸ் 11 ஓர் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் கருவி) நிறுவப்பட்டு இயங்கிக்கொண்டிருக்கும் மேசைக்கணினியில், படங்களும் காணொளிகளும் ஆவணங்களும் சேமிப்பதற்காக 4 டிபி கொள்ளளவுள்ள 3.5 அங்குல சாட்டா (தட்டைக் கணினியோடு இணைக்கும் முறை) வன்தட்டை இரண்டாவது தட்டாகச் சேர்க்கிறோம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் ஏறத்தாழ எல்லாப் படிகளும் பொருந்தும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தனித் தட்டாக விற்கப்படும் வன்தட்டுடன் பெரும்பாலும் கேபிளும் திருகுகளும் வருவதில்லை. 7 முனைகள் கொண்ட சாட்டா தகவல் கேபிள் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 15 முனைகள் கொண்ட மின்னிணைப்பு, கணினியின் மின்வழங்கியிலிருந்து வரும். அங்கே காலியான இணைப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். 3.5 அங்குலத் தட்டுக்கான திருகு தடித்தது, 2.5 அங்குலத் தட்டுக்கான திருகு மெல்லியது. ஒன்றை மற்றொன்றின் துளைக்குள் வலிந்து ஏற்றினால் மரை கெட்டுவிடும்.

தட்டு எந்த முறையில் தகவலைப் பதிகிறது என்பதையும் கேட்டு வாங்குவது நல்லது. சிஎம்ஆர் வகையில், தகவல் எழுதப்படும் வட்டக் கோடுகளான தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் ஓட்டு வீட்டின் கூரையில் ஓர் ஓட்டின் மேல் அடுத்த ஓடு சற்றே ஏறி நிற்பதுபோல், தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஏறியிருப்பவற்றையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பதைப் போலவே, எஸ்எம்ஆர் தட்டில் ஏற்கெனவே எழுதியதைத் திருத்தும்போது பக்கத்துத் தடங்களையும் மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு முறை எழுதி வைத்துப் பல முறை பார்க்கும் படத் தொகுப்புக்கு இது போதுமானது. நாள்தோறும் பெரிய கோப்புகளை எழுதி அழித்து மீண்டும் எழுதும் காணொளித் தொகுப்பாளர் சிஎம்ஆர் தட்டையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வேறுபாடு பெட்டியின் மேல் அச்சிடப்படாமல் இருக்கலாம். உற்பத்தியாளரின் தொழில்நுட்ப விவரத்தாளில் மாதிரி எண்ணைக் கொண்டு தேடினால் கிடைக்கும்.

பெட்டியைத் திறக்கும் முன்

புதிய தட்டைப் பொருத்துவதால் பழைய தட்டுக்குத் தீங்கு நேராது என்றாலும், பழைய தட்டு தொடர்பான மூன்று வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். முதலாவது, இழக்கவே கூடாத கோப்புகளின் படி ஒன்றை வெளித்தட்டிலோ மேகச் சேமிப்பிலோ எடுத்து வைப்பது. இரண்டாவது, சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டும் பிட்லாக்கர் மறையாக்கம் இயங்குகிறதா என்று பார்ப்பது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் விண்டோஸ் 11இல் நுழைந்தவர்களின் கணினியில் அவர்கள் அறியாமலேயே மறையாக்கம் இயங்கிக்கொண்டிருக்கலாம். கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்பில் ஏதேனும் மாற்றினால் அடுத்த முறை கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்த எண்ணைத் தாளில் எழுதியோ கைபேசியில் பதிந்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வேலை மிகச் சிறியது, ஆனால் மிகவும் முக்கியமானது. விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி, வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறந்து, இப்போது எத்தனை தட்டுகள் உள்ளன, ஒவ்வொன்றின் கொள்ளளவு என்ன, எந்த எழுத்து எந்தப் பகுதிக்கு இருக்கிறது என்பதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய தட்டைச் சேர்த்த பின் எது புதியது, எது பழையது என்ற ஐயம் எழுந்தால் இந்தப் படம்தான் சாட்சி.

பொருத்துதல்

கணினியை முறைப்படி அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின், இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மின்வழங்கியில் தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை வெளியேற்றிய பிறகே வன்தட்டைக் கையில் எடுக்க வேண்டும். தட்டின் அடியில் உள்ள சுற்றுப் பலகையில் விரல் படாமல் இரு பக்க விளிம்புகளையும் பிடித்துக்கொள்வது நல்லது. வன்தட்டைக் கிடையாகவும் பொருத்தலாம், செங்குத்தாகவும் பொருத்தலாம். தளர்வாக ஆடிக்கொண்டிருப்பது மட்டும் கூடாது. உள்ளே நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டுகளின் மேல் எழுதுமுனைகள் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கின்றன. ஆகவே எல்லாத் திருகுகளையும் இறுக்குங்கள், இயங்கும்போது பெட்டியை நகர்த்தாதீர்கள்.

கேபிள்களில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. கழற்றி மாட்டக்கூடிய கேபிள்கள் கொண்ட மின்வழங்கி உங்களிடம் இருந்தால், அதனுடன் வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். வேறொரு மின்வழங்கியின் கேபிள் துளையில் கச்சிதமாகப் பொருந்தினாலும், உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் தட்டு நொடியில் எரிந்துவிடும். அடுத்தது, பழைய நான்கு முனை மின்னிணைப்பை சாட்டாவாக மாற்றித் தரும் மலிவான மாற்றிகள். நெகிழியை ஒரே வார்ப்பாக ஊற்றிச் செய்யப்பட்டவற்றில் கம்பிகள் உள்ளே நெருங்கித் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு. மாற்றி தேவைப்படாத மின்வழங்கியே பாதுகாப்பு.

தகவல் கேபிளின் மறுமுனையைத் தாய்ப்பலகையின் (மதர்போர்டு) சாட்டா துளையில் செருகும் முன், தாய்ப்பலகையின் கையேட்டை ஒரு முறை புரட்டுங்கள். பல தாய்ப்பலகைகளில் சிறு எஸ்எஸ்டிகளை நேரடியாகச் செருகும் எம்.2 துளை ஒன்றில் எஸ்எஸ்டி இருந்தால், குறிப்பிட்ட ஒன்றிரண்டு சாட்டா துளைகள் தாமாகவே செயலிழந்துவிடும். தட்டும் நல்லது, கேபிளும் நல்லது, ஆனால் கணினிக்குத் தட்டு தெரியவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

எழுதும் முன் சோதனை

கணினியை இயக்கி முதலில் பயாஸ் திரையில் தட்டின் மாதிரி எண் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே தெரியாத தட்டு விண்டோஸில் ஒருபோதும் தெரியாது. கேபிளை மாற்றியும், துளையை மாற்றியும் பார்த்துவிட்டுத்தான் தட்டைக் குறை சொல்ல வேண்டும்.

விண்டோஸுக்குள் வந்ததும், பகுதி போடுவதற்கு முன்பே, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலை நிறுவித் தட்டின் ஸ்மார்ட் குறிப்புகளைப் படியுங்கள். ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. எத்தனை மணி நேரம் இயங்கியது என்ற எண் புதிய தட்டில் பூச்சியமாகவோ ஓரிரு மணி நேரமாகவோ இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால், யாரோ பயன்படுத்திய தட்டைத் துடைத்துப் புதியதென்று விற்றிருக்கிறார்கள். உடனே திருப்பிக் கொடுங்கள். அடுத்து 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள். தட்டில் தகவல் எழுதப்படும் மிகச் சிறிய அலகே துண்டம். இடம் மாற்றப்பட்ட துண்டங்கள், ஐயத்துக்குரிய துண்டங்கள், திருத்த முடியாத துண்டங்கள் என்று முறையே அவை பொருள்படும். புதிய தட்டில் மூன்றும் பூச்சியமாகவே இருக்க வேண்டும். இந்த நிரல் மூல எண்களைப் பதினாறின் அடிப்படையில் காட்டும் என்பதால் எழுத்துகள் கலந்து வந்தால் குழம்ப வேண்டாம். அமைப்புகளில் பத்தின் அடிப்படைக்கு மாற்றிக்கொள்ளலாம். சி7 என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றம் தட்டினுடையது அன்று, கேபிளினுடையது.

எத்தனை பகுதிகள் வேண்டும்

இந்த இடத்தில் அவசரப்படாமல் சற்று நேரம் செலவிடுங்கள். வன்தட்டில் கோடு போடுவது ஒரு நிமிட வேலை. தகவல் நிறைந்த பின் அந்தக் கோட்டை நகர்த்துவது சில சமயம் ஒரு நாள் வேலை, சில சமயம் முடியாத வேலை.

வன்தட்டுகள் 40 ஜிபி, 80 ஜிபி என்று இருந்த காலத்தில் சி, டி, இ, எஃப் என்று நான்கைந்து பகுதிகள் போட்டுத் தருவது கணினிக் கடைகளின் வழக்கமாக இருந்தது. அன்று ஒரே தட்டில் விண்டோஸும் கோப்புகளும் சேர்ந்து இருந்ததால், விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவும்போது கோப்புகள் தப்புவதற்கு அந்தப் பிரிவினை உதவியது. இன்று விண்டோஸ் தனி எஸ்எஸ்டியில் இருக்கும்போது அந்தக் காரணம் இல்லை. ஐந்து பகுதிகள் போட்டவருக்கு ஓராண்டில் நேர்வது ஒன்றுதான்: ஒன்று நிரம்பி வழியும், மற்ற நான்கும் பாதி காலியாகக் கிடக்கும். ஒரு பகுதியோ இரண்டு பகுதிகளோ போதும் என்பதே என் பரிந்துரை. இரண்டு போடுவதற்கு நியாயமான காரணம், இரண்டிலும் உள்ளவை இருவேறு முறையில் கையாளப்படுவது. நாள்தோறும் மாறும் பணிக்கோப்புகளை ஒரு பகுதியிலும், சேர்ந்துகொண்டே போகும் படங்களை மற்றொன்றிலும் வைத்தால், படி எடுக்கும் நிரலுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அட்டவணை தருவது எளிது.

பகுதிகள் பாதுகாப்பு என்ற எண்ணத்தை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு புகைப்பட நிலையத்தில் திருமணப் படங்களை எல்லாம் டி டிரைவில் வைத்து, அதன் படியை இ டிரைவில் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே தட்டின் இரு பகுதிகள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் தட்டின் எழுதுமுனை பழுதானபோது மூலமும் படியும் ஒன்றாகப் போயின. எழுதுமுனைகளும் சுழலும் மோட்டாரும் சுற்றுப் பலகையும் எல்லாப் பகுதிகளுக்கும் பொது. படி என்பது வேறொரு தட்டில், இயன்றால் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். விண்டோஸில் ஒரு பகுதியை நீட்ட வேண்டுமானால், அதன் வலப்புறத்தில் ஒட்டியே ஒதுக்கப்படாத இடம் இருக்க வேண்டும். இடையில் வேறொரு பகுதி குறுக்கே நின்றால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்ற தெரிவு மங்கலாகிவிடும். ஆகவே வளராததை முன்னாலும், வளரக்கூடியதைக் கடைசியிலும் வையுங்கள். அதற்கும் அப்பால் கொஞ்சம் இடத்தை ஒதுக்காமலேயே விட்டுவைப்பது என் வழக்கம். சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தால் எது எவ்வளவு வளர்கிறது என்பது தெரிந்துவிடும். அப்போது நீட்டிக்கொள்வது ஒரே நிமிட வேலை, கோப்புகளுக்கும் ஒன்றும் ஆகாது.

கொள்ளளவு ஏன் குறைந்து தெரிகிறது

4 டிபி என்று வாங்கிய தட்டு விண்டோஸில் 3.63 டிபி என்று காட்டும். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் 1 டிபி என்பதை 1,00,000 கோடி பைட் என்று பத்தின் அடுக்கில் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024ஐ நான்கு முறை பெருக்கி வரும் 1,09,951 கோடியே சொச்சம் பைட்டை 1 டிபி என்று காட்டுகிறது. முழம் ஒன்றுதான், அளப்பவரின் கை வேறு. டிஸ்க் மேனேஜ்மென்ட் சாளரத்தில் இதே தட்டு ஏறத்தாழ 3726 ஜிபி என்று தெரியும். இந்த 3726ஐ வைத்தே நாம் பங்கிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பணிக்கோப்புகளுக்கு 1000 ஜிபி, படங்களுக்கு 2000 ஜிபி, மீதமுள்ள சுமார் 726 ஜிபி ஒதுக்கப்படாத இடம் என்று வைத்துக்கொள்வோம்.

இனிஷியலைஸ் செய்தல்

டிஸ்க் மேனேஜ்மென்ட் சாளரத்தைத் திறந்ததுமே 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்ற சிறு பெட்டி தானாகத் தோன்றும். அதில் எந்தத் தட்டின் எண்ணுக்கு எதிரே குறி இடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்கள் கேபிள் செருகிய துளையைப் பொறுத்து மாறக்கூடியவை, எண்ணை நம்பாதீர்கள். கொள்ளளவையும், தட்டின் மேல் வலது சொடுக்கு செய்து 'பிராப்பர்ட்டீஸ்' வழியாக மாதிரி எண்ணையும் பார்த்து, முன்பு எடுத்த கைபேசிப் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முழுவதும் 'அன்அலோகேட்டட்' என்று கறுப்புப் பட்டையாக இருப்பதே புதிய தட்டு.

பெட்டியில், பதிவேட்டை எழுதும் முறைகளான எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் முறை 1983இல் வெளிவந்த பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. தட்டின் முதல் துண்டத்தில் 64 பைட் இடத்துக்குள், ஒவ்வொன்றுக்கும் 16 பைட் வீதம், நான்கு பகுதிகளின் விவரத்தை மட்டுமே அதில் எழுத முடியும். துண்டத்தின் முகவரிக்கு 32 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருப்பதால், 512 பைட் துண்டங்கள் கொண்ட தட்டில் 2 டிபிக்கு அப்பால் உள்ள இடத்தை அதனால் சுட்டவே முடியாது. நம் 4 டிபி தட்டில் எம்பிஆரைத் தேர்ந்தெடுத்தால் தட்டு 2048 ஜிபி, 1678 ஜிபி என்று இரண்டாகப் பிளந்து தெரியும். இரண்டாவது துண்டைப் பயன்படுத்த எந்த வழியும் இராது. ஜிபிடி 64 பிட் முகவரி கொண்டது, விண்டோஸில் 128 பகுதிகள் வரை ஏற்பது. தன் பதிவேட்டின் இரண்டாவது படியைத் தட்டின் கடைசியில் வைத்துக்கொள்வதோடு, பதிவேடு சிதைந்திருக்கிறதா என்பதைச் சரிபார்க்கும் எண்ணையும் சேர்த்தே எழுதுகிறது. முன்பக்கப் பதிவேடு கெட்டாலும் பின்பக்கத்தில் இருப்பதைக் கொண்டு மீட்கலாம். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி போன்ற மிகப் பழைய கணினியில் மாட்ட வேண்டிய தேவை இருந்தாலொழிய எம்பிஆரைத் தொட வேண்டியதில்லை.

தவறிப்போய் எம்பிஆரைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் கவலை வேண்டாம். தட்டு வெறுமையாக இருக்கும் வரை, இடப்பக்கத்தில் தட்டின் பெயர் மேல் வலது சொடுக்கு செய்து ஜிபிடிக்கு மாற்றிவிடலாம். பகுதிகள் போட்ட பின் என்றால் அவை அனைத்தையும் நீக்கினால்தான் இந்தச் சாளரத்தில் அந்தத் தெரிவு கிடைக்கும்.

பகுதியை உருவாக்குதல்

கறுப்புப் பட்டையின் மேல் வலது சொடுக்கு செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் கேட்கப்படுவது பகுதியின் அளவு. அது எம்பியில் கேட்கப்படும் என்பதை மறந்து 1000 என்று தட்டச்சு செய்து ஒரு ஜிபிக்கும் குறைவான பகுதியை உருவாக்குவோர் பலர். வேண்டிய ஜிபியை 1024ஆல் பெருக்குங்கள்: 1000 ஜிபிக்கு 10,24,000 எம்பி, 2000 ஜிபிக்கு 20,48,000 எம்பி. பெட்டியில் எண்ணைக் காற்புள்ளி இல்லாமல் தர வேண்டும்.

அடுத்து டிரைவ் எழுத்து. ஏ (A), பி (B) ஆகியவை நெகிழ்வட்டுக்காக ஒதுக்கப்பட்ட காலத்திலிருந்து வருபவை, சி விண்டோஸுக்கு. அடுத்து வரும் டி, இ, எஃப் எழுத்துகளை யூஎஸ்பி பென்டிரைவும் நினைவக அட்டையும் அவ்வப்போது பிடித்துக்கொள்ளும். நிரந்தரத் தட்டுக்கு அகர வரிசையில் சற்றுத் தள்ளி எம் (M), பி (P) போன்ற எழுத்துகளைத் தருவது எனக்குப் பிடித்த முறை. எதைத் தந்தாலும் பிறகு மாற்றாதீர்கள். மாற்றினால் அந்த முகவரியை நம்பியிருக்கும் நிரல்களும் குறுக்குவழிகளும் கோப்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கும்.

மூன்றாவது கோப்பு முறைமை, அதாவது பகுதிக்குள் கோப்புகளை அடுக்கும் ஒழுங்கு. விண்டோஸ் கணினிக்குள் நிரந்தரமாக இருக்கப்போகும் தட்டுக்கு என்டிஎஃப்எஸ் என்பதில் ஐயமே வேண்டாம். 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த இந்த முறைமை, கோப்பு அமைப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் செய்கிறது. மின்சாரம் நடுவில் போனால், மீண்டும் இயங்கும்போது குறிப்பைப் பார்த்து அமைப்பைச் சீர்செய்துகொள்கிறது. எக்ஸ்ஃபேட் முறைமைக்கு அந்த நாட்குறிப்பு இல்லை. விண்டோஸுக்கும் மேக் கணினிக்கும் இடையே எடுத்துச் செல்லும் வெளித்தட்டுக்கு அது பொருத்தமானது. ஃபேட்32 முறைமையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது என்பதால் இன்றைய காணொளிகளுக்கு அது உதவாது.

'அலோகேஷன் யூனிட் சைஸ்' என்பதை 'டிஃபால்ட்' என்றே விடுங்கள். இந்தக் கொள்ளளவுக்கு அது 4 கேபி. தட்டு இடத்தை இந்த அளவுள்ள பெட்டிகளாகவே கொடுக்கும். பல ஜிபி அளவுள்ள காணொளிகள் மட்டுமே இருக்கும் பகுதிக்கு 64 கேபி வைப்பதில் தவறில்லை. சிறு கோப்புகள் நிறைந்த பகுதிக்கு அப்படி வைத்தால், 5 கேபி கடிதமும் 64 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பகுதியின் பெயரைத் தமிழிலேயே தரலாம். என்டிஎஃப்எஸ் 32 குறிகள் வரை ஏற்கும். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் 'படங்கள்' என்ற சொல் ஐந்து எழுத்தாகத் தெரிந்தாலும் ஏழு குறிகளை எடுத்துக்கொள்ளும். 'பணி', 'படங்கள்' என்று வெளிப்படையாகப் பெயரிடுங்கள். 'நியூ வால்யூம்' என்ற பெயரோடு இரண்டு பகுதிகள் இருப்பது பிற்காலத் தவறுக்கு அழைப்பு.

கடைசியாக 'குயிக் ஃபார்மட்' என்ற குறிப்பெட்டி. குறி இருந்தால் கோப்புப் பட்டியலை மட்டும் புதிதாக எழுதிவிட்டுச் சில நொடிகளில் வேலை முடியும். குறியை நீக்கினால், விண்டோஸ் விஸ்டா முதல் உள்ள பதிப்புகள் பகுதி முழுவதும் பூச்சியங்களை எழுதி, கெட்ட துண்டங்களையும் தேடும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபி முழுவதையும் எழுத ஏழரை மணி நேரம் ஆகும். புதிய தட்டுக்கு ஒரே ஒரு முறை இந்த முழு ஃபார்மட்டைச் செய்துவிடுங்கள் என்பேன். பிறவிக் குறையுள்ள தட்டு பெரும்பாலும் இந்த முதல் உழைப்பிலேயே தன்னைக் காட்டிவிடும். கடை மாற்றித் தரும் காலக்கெடுவுக்குள் அது தெரிவது உங்களுக்கு நல்லது. ஒதுக்காமல் விடும் இடமும் சோதிக்கப்பட வேண்டுமானால், முதலில் முழுத் தட்டையும் ஒரே பகுதியாக்கி முழு ஃபார்மட் செய்து, பிறகு அதை நீக்கிவிட்டு உங்கள் திட்டப்படி பகுதிகளைப் போட்டு விரைவு ஃபார்மட் செய்யுங்கள். மின்வெட்டு வரும் ஊரில் இருப்பவர்கள் யூபிஎஸ் இணைப்பில் இரவு தொடங்கி விடியற்காலையில் பார்க்கலாம். முடிந்ததும் ஸ்மார்ட் குறிப்புகளை மீண்டும் பார்த்து, அந்த மூன்று எண்களும் பூச்சியத்திலேயே இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். வெப்பநிலையையும் கவனியுங்கள். பெரும்பாலான மேசைக்கணினி வன்தட்டுகளுக்கு உச்ச வரம்பு 60 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். கோடையில் 50ஐத் தாண்டினால் தட்டின் முன்னால் ஒரு காற்றாடி வையுங்கள்.

பழைய வழிகாட்டிகளில் பகுதியின் தொடக்கத்தைக் கையால் சீரமைக்கச் சொல்லும் ஒரு படி இருக்கும். இன்றைய தட்டுகளின் உண்மையான துண்டம் 4096 பைட். விண்டோஸ் எக்ஸ்பி பகுதிகளை 63ஆவது துண்டத்திலிருந்து தொடங்கியதால் அது இந்த எல்லைகளோடு ஒத்துப்போகாமல் வேகம் குறைந்தது. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 1 எம்பி எல்லையில் தொடங்குவதால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கோப்புகளைக் கொண்டு சேர்த்தல்

பழைய இடத்திலிருந்து 'கட்' செய்து புதிய தட்டில் ஒட்டாதீர்கள். 'காப்பி' செய்து, இரு பக்கத்துக் கோப்புறைகளின் பண்புகளில் கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, சில கோப்புகளைத் திறந்தும் பார்த்த பின் மூலத்தை அழியுங்கள். 'பிக்சர்ஸ்', 'வீடியோஸ்' போன்ற விண்டோஸின் சொந்தக் கோப்புறைகளை நிரந்தரமாக மாற்ற, அதன் பண்புகளில் 'லொகேஷன்' தாவலைத் திறந்து 'மூவ்' பொத்தானைப் பயன்படுத்த வேண்டும். அப்போது புதிய பகுதியின் வேரையே இலக்காகத் தராமல், அதற்குள் ஒரு கோப்புறையை உருவாக்கி அதைத் தாருங்கள்; வேரைத் தந்தவர்களுக்குப் பின்னர் அந்த மாற்றத்தைத் திருப்புவது தலைவலியாகிறது.

புதிய தட்டிலேயே விண்டோஸை நிறுவுவதானால்

அப்போது டிஸ்க் மேனேஜ்மென்ட் தேவையில்லை. நிறுவும்போது மற்ற எல்லாத் தட்டுகளின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இல்லையேல் விண்டோஸ் ஒரு தட்டிலும், அதைத் தொடங்கிவைக்கும் நிரல் மற்றொரு தட்டிலும் போய் அமர்ந்துவிடக்கூடும். பின்னொரு நாள் அந்த மற்றத் தட்டை நீக்கினால் கணினி எழாது. நிறுவும் திரையில் ஒதுக்கப்படாத இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். தொடக்கத்துக்கான ஈஎஃப்ஐ பகுதி, 16 எம்பி அளவுள்ள ஒதுக்கப் பகுதி, விண்டோஸ் பகுதி, மீட்புப் பகுதி ஆகியவற்றை விண்டோஸே அமைத்துக்கொள்ளும். சின்னஞ்சிறு பகுதிகள் எதற்கு என்று பின்னர் அவற்றை அழிக்காதீர்கள்.

லினக்ஸ் பயன்படுத்துவோர்

ஜிபார்ட்டெட் நிரலில் ஜிபிடி பதிவேட்டை உருவாக்கி எக்ஸ்ட்4 பகுதி போடுவது எளிது. இரண்டு செய்திகளை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறக்கூடும் என்பதால், தொடக்கத்தில் எந்தப் பகுதிகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், பகுதியை அதற்கே உரிய மாறாத அடையாளமான யூயூஐடி எண்ணைக் கொண்டே குறிப்பிடுங்கள். எக்ஸ்ட்4 இயல்பாக 5 விழுக்காடு இடத்தை முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கு ஒதுக்கி வைக்கும். 4 டிபி தட்டில் அது ஏறத்தாழ 200 ஜிபி. தகவல் சேமிப்புக்கு மட்டுமான பகுதியில் அந்த ஒதுக்கீட்டைக் குறைத்துவிடலாம். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்து, இரண்டும் ஒரே என்டிஎஃப்எஸ் பகுதியில் எழுதுமானால், அணைக்கும்போது விண்டோஸை முழுமையாக அணைக்காமல் விடும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்திவிடுவது கட்டாயம்.

தவறு நேர்ந்தால்

தகவல் இருந்த பழைய தட்டு ஒன்றை மாட்டியபோது 'இனிஷியலைஸ்' பெட்டியோ, ஃபார்மட் செய்ய வேண்டும் என்ற அறிவிப்போ தோன்றினால், ஒப்புக்கொள்ளாமல் ரத்து செய்யுங்கள். விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். தகவல் இல்லை என்பதன்று. முதலில் வேறு கேபிளிலும் வேறு கணினியிலும் மாட்டிப் பாருங்கள்.

தவறான பகுதியை நீக்கிவிட்டாலும் அந்த நொடியில் அழிந்தது பதிவேட்டின் ஒரு வரி மட்டுமே. கோப்புகள் தட்டில் அப்படியே கிடக்கின்றன. அதில் எதையும் எழுதாமல், புதிய பகுதி போடாமல், கணினியை அணைத்துத் தட்டைக் கழற்றுங்கள். வேறொரு கணினியில் இணைத்து டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரலை இயக்கினால், இழந்த பகுதிகளின் எல்லைகளைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டும். நிரலை மீட்க வேண்டிய அந்தத் தட்டில் நிறுவக் கூடாது. மீட்ட கோப்புகளையும் வேறொரு தட்டில்தான் சேமிக்க வேண்டும். அடுக்கடுக்காகக் 'டிக் டிக்' என்ற ஒலி தட்டிலிருந்து வந்தால் எந்த நிரலையும் இயக்க வேண்டாம். அது எழுதுமுனையின் பழுதாக இருக்கக்கூடும். ஒவ்வொரு நிமிட இயக்கமும் தட்டின் பரப்பைச் சுரண்டும். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, தூசியற்ற அறையில் தட்டைத் திறந்து பார்க்கும் வசதியுள்ள மீட்பு நிலையத்திடம் அதைக் கொடுங்கள்.